லைன் பார்க்க வந்த தேவன் அண்ணன்

வீட்டு வைஃபைக்கு வைத்தியம் பார்க்கிறவர்கள் என்று ஓர் இனம் நம்மிடையே வாழ்கிறது. அவர்களை நீங்கள் கூப்பிட வேண்டியதே இல்லை. மாமாக் கடையில் உட்கார்ந்து, “வீட்டுல நெட்டு கொஞ்சம் மெதுவா இருக்கு” என்று பக்கத்தில் இருப்பவரிடம் மெல்லச் சொல்லிப் பாருங்கள். மூன்று மேசை தள்ளி ரொட்டி சானாயைப் பிய்த்துக்கொண்டிருக்கும் ஒருவர், கையைத் துடைத்துக்கொண்டு, நாற்காலியோடு சேர்த்துத் தன்னைத் திருப்பி, “மோடத்த எங்க வச்சிருக்கீங்க?” என்று கேட்பார். எங்கே வைத்திருந்தாலும் அது தப்பான இடம்.

இந்த இனத்தை அடையாளம் காண்பது சுலபம். வீட்டுக்குள் நுழைந்ததும் மனிதர்களைப் பார்க்க மாட்டார்கள், சுவரைப் பார்ப்பார்கள். விரல் முட்டியால் அதைத் தட்டி, “கல்லு” என்பார்கள். உங்கள் அலமாரிக் கண்ணாடி, மீன் தொட்டி, குளிர்பெட்டி, மூலையில் இருக்கும் அரிசி வாளி எல்லாமே அவர்கள் கண்ணுக்கு அலையைத் தின்னும் பகைவர்கள். மோடத்தில் மினுங்கும் பச்சை விளக்கை, நோயாளியின் நாக்கை டாக்டர் பார்ப்பதைப் போலக் குனிந்து பார்த்துவிட்டு, “ம்” என்பார்கள். அந்த ஒரு “ம்”மில் உங்களுக்குப் பாதி உயிர் போய்விடும். பிறகு அந்த இனத்துக்கே உரிய வாசகம் வரும்: “எவன் செட் பண்ணான் இத?” ஆறு மாதத்துக்கு முன்னால் செட் பண்ணியவர் அவரேதான் என்று நினைவுபடுத்தும் துணிச்சல் உங்களுக்கு உண்டா? எனக்குக் கிடையாது.

ஒரு காலத்தில் ரப்பர் மரம் நின்ற நிலத்தில் எழும்பிய நூற்று இருபது வீடுகள்தான் எங்கள் செமோர் தாமான். அங்கே இந்த இனத்தின் பிரதிநிதி தேவன் அண்ணன். வயது ஐம்பத்தெட்டு. ஜெலாப்பாங் தொழிற்பேட்டையில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் இருந்தவர். அவருடைய சட்டைப் பைக்கு மேலே ‘டெக்னிக்கல்’ என்று நூலால் தைத்திருந்தது. டெக்னிக்கல் பிரிவின் வேனை ஓட்டினார் என்பது எங்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது. அதனால் என்ன? பின் இருக்கையில் இன்ஜினியர்கள் பேசிக்கொண்டு போனதை இருபத்தாறு வருடம் காதால் கேட்டவர். அதில் பாதியாவது மனத்தில் தங்கியிருக்காதா? மீதிப் பாதியைக் காணொளி பார்த்துக் கற்றார்.

நல்ல மனிதர், அதையும் சொல்லிவிட வேண்டும். கூலி வாங்க மாட்டார். கோப்பி கொடுத்தால் குடிப்பார். வேலை முடிந்ததும் மோடத்தின் முதுகில் ‘தேவன் சர்வீஸ்’ என்று தேதி போட்டு ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவார். என் வீட்டு மோடத்தில் அப்படி நான்கு ஸ்டிக்கர்கள் சேர்ந்தன. நான்காவது ஸ்டிக்கருக்குப் பிறகு நான் லைனையே வெட்டிவிட்டேன்.

இத்தனை தெரிந்தும், போன ஜூன் மாதம் அவரைக் குமுதா அக்கா வீட்டுக்கு அழைத்துப்போனவன் நான்தான். அந்தப் பாவத்தை இங்கே இறக்கி வைக்கிறேன்.

குமுதா அக்கா என் எதிர்வீடு. பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் சமைக்கிறவர். கணவர் மாயாண்டி பீடோர்ப் பக்கம் செம்பனை லாரி ஓட்டுகிறார், சனிக்கிழமைதான் வீட்டுக்கு வருவார். ஒரே மகள் ஷர்மினி. ஆசிரியர் பயிற்சிக்கு இரண்டாவது வருடமாக விண்ணப்பம் போட்டிருந்தாள். முதல் வருடம் பதில்கூட வரவில்லை. இந்த வருடம் நேர்காணலுக்கு அழைப்பு வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணி, வீட்டில் இருந்தபடியே இணையத்தில். வேறு நேரம் கிடையாது, மறு தேதி கிடையாது என்று கடிதத்தில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது. அக்கா அந்தக் கடிதத்தை அச்செடுத்து முருகன் படத்துக்குக் கீழே வைத்திருந்தார்.

திங்கட்கிழமை மாலை ஆறு மணிக்கு அக்கா என் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“தம்பி, புள்ள பேசிப் பழகிக்கிட்டு இருக்கா. படம் நின்னு நின்னு போவுது. நாளைக்கும் இப்படி நின்னுச்சுன்னா என்னா செய்யறது?”

கைப்பேசி லைனை வைத்துச் சமாளிக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். எங்கள் வரிசைக்கும் கோபுரத்துக்கும் நடுவில் ஒரு சுண்ணாம்பு மலை உட்கார்ந்திருக்கிறது. வீட்டுக்குள் பேச்சு கேட்கும், முகம் தெரியாது. அக்காவின் கண் கலங்கியிருந்தது. நான் தேவன் அண்ணனைக் கூப்பிட்டுவிட்டேன்.

பத்து நிமிடத்தில் வந்தார். இடுப்பில் ஜிப் வைத்த பை. மோடம் வாசல் கதவுக்குப் பக்கத்தில், செருப்பு அலமாரிக்கு மேலே இருந்தது. குனிந்தார், “ம்” என்றார், எவன் செட் பண்ணான் என்றார். பிறகு சுவிட்சை ஓஃப் பண்ணிவிட்டு, “முப்பது எண்ணணும். இருபத்தொம்போதுல போட்டா வேலைக்கு ஆவாது” என்று உரக்க எண்ணினார். ஷர்மினி நோட்டுப் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, அவர் எண்ணி முடிக்கும்வரை நின்றாள். சுவிட்சைப் போட்டார். நெட்டு முன்பு போலவே ஊர்ந்தது.

அடுத்து வேகப் பரிசோதனை. கூடத்தில், சமையலறையில், இரண்டு படுக்கையறைகளில், குளியலறையில், கடைசியில் ஒரு நாற்காலியின் மேல் ஏறி நின்று. எங்கும் அதே கதைதான். அதற்குப் பிறகு தன் கைப்பேசியில் மோடத்தின் உட்பக்கத்தைத் திறந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, நிமிர்ந்தார்.

“குமுதா, இந்த வீட்டுல மொத்தம் எத்தன பேரு?”

“நானும் புள்ளயும்தான் அண்ணே.”

“லைன்ல ஆறு ஓடுது.”

எண்ணிப் பார்த்தார்கள். தொலைக்காட்சி, மடிக்கணினி, அக்கா கைப்பேசி, மகள் கைப்பேசி. நான்கு. ஐந்தாவது தேவன் அண்ணனின் கைப்பேசியே. ஆறாவதின் பெயர் ‘சீனி’.

“கள்ளன் கெடச்சிட்டான்” என்றார் தேவன் அண்ணன்.

அவருக்கு இயந்திரச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை. வேலிக்கு அந்தப் பக்கம் மிளகாய்ச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த சீனி அண்ணன் காதில் அது விழாமல் இருக்க வழியே இல்லை. சீனி அண்ணன் ஒரு தொழிற்சாலையில் இரவுக் காவல் பார்க்கிறவர். மனைவி இல்லை. சிங்கப்பூரில் இருக்கும் மகளோடு தினமும் மாலையில் முகம் பார்த்துப் பேசிவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவார்.

“ஐயோ அண்ணே, மெதுவா. நாந்தான் அவருக்கு பாஸ்வேர்டு கொடுத்தேன், தீவாளிக்கு” என்றார் குமுதா அக்கா.

“நீங்க கொடுத்தீங்க. அவரு யார் யாருக்குக் கொடுத்தாரோ? செக்யூரிட்டின்னா சும்மா இல்ல லா.”

வேலிக்கு அந்தப் பக்கம் தண்ணீர் நின்றது. கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

அடுத்த ஒன்றரை மணி நேரம் அந்த வீட்டுக்குச் செய்த காவலை ஒரு வங்கிக்குச் செய்திருந்தால் மேலாளர் நிம்மதியாகத் தூங்கியிருப்பார். பாஸ்வேர்டைப் பதினாறு எழுத்தாக மாற்றினார். அக்கம்பக்கத்துக் கைப்பேசிகளில் வீட்டு லைனின் பெயரே தெரியாதபடி மறைத்தார். மோடத்தின் உட்பக்கத்துக்குத் தனியாக ஒரு பூட்டுப் போட்டார். கடைசியாகத் தன் கலையின் உச்சத்துக்குப் போனார். ஒவ்வொரு கருவிக்கும் ஓர் அடையாள எண் உண்டாம். எந்தெந்த எண்ணை நாம் பட்டியலில் எழுதுகிறோமோ அவை மட்டும்தான் வைஃபைக்குள் நுழைய முடியுமாம். பாஸ்வேர்டு தெரிந்திருந்தாலும் மற்றவை வெளியேதான் நிற்கும்.

எல்லாம் முடிந்தபோது மணி எட்டு தாண்டியிருந்தது. தன் கைப்பேசியில் ஒரு காணொளியைப் போட்டு எங்கள் முகத்துக்கு நேரே நீட்டினார். தங்குதடை இல்லாமல் ஓடியது. ஷர்மினி அன்று முதல்முறையாகச் சிரித்தாள்.

“ஆனா இன்னைக்கு யாரும் தொடாதீங்க. புது செட்டிங்கு, காலைலவரைக்கும் அப்படியே செட்டில் ஆவணும்” என்றார்.

மோடம் என்ன இட்லி மாவா, புளிக்க வைக்க? நாங்கள் யாரும் கேட்கவில்லை. நிபுணர் சொன்னால் தலை தானாக ஆடுகிறது. ஸ்டிக்கர் ஒட்டினார், கோப்பி குடித்தார், போய்விட்டார்.

மறுநாள் எனக்கு விடுப்பு. காலை ஒன்பதரை மணிக்குக் குமுதா அக்காவின் குரல் தெருவைத் தாண்டி வந்தது. ஓடினேன். ஷர்மினி வெள்ளைச் சட்டையும் கறுப்புக் கோட்டும் போட்டு, கீழே கைலியோடு, மடிக்கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். தாளில் எழுதிக் கொடுத்த பதினாறு எழுத்தையும் ஐந்து தடவை தட்டிவிட்டாள். லைன் அவளை உள்ளே விடவில்லை. தேவன் அண்ணனுக்குப் போன் அடித்தோம். அவர் பீடோரில் தன் சித்தப்பா மகன் வீட்டுப் புதுமனைப் புகுவிழாவில் இருந்தார். பின்னால் நாதஸ்வரம்.

“ஓஃப் பண்ணி ஓன் பண்ணும்மா.”

“பண்ணிட்டேன் மாமா.”

“லைட்டு என்னா கலரு?”

“பச்ச. நாலு லைட்டு.”

“நாலா? அஞ்சுல்ல இருக்கணும்.”

“நேத்தும் நாலுதான் மாமா.”

“அப்படின்னா லேப்டாப்புலதான் கோளாறு.”

“போனும் ஏறல. டிவியும் ஏறல.” ஷர்மினி கண்ணை மூடித் திறந்தாள். குரலை உயர்த்தவில்லை. “மாமா, நேத்து அந்த லிஸ்ட்டுல எந்தெந்த நம்பர போட்டீங்க?”

நாதஸ்வரம் மட்டும் கேட்டது.

“டெஸ்ட்டுக்கு என்னோடத போட்டேன்மா.”

“எங்களோடது?”

“அது… அப்புறமா போடலாம்னு இருந்தேன்.”

ஆகக் குமுதா அக்கா வீட்டு லைன் இந்த உலகத்தில் ஒரே ஒரு கைப்பேசியைத்தான் ஏற்றுக்கொள்ளும். அந்தக் கைப்பேசி எழுபது கிலோமீட்டர் தள்ளி பாயசத்துக்குக் காத்துக்கொண்டிருந்தது.

“பின்னால ஊசிய விட்டு ரீசெட் பண்ணிரவா மாமா?”

“பண்ணிராதம்மா. கம்பெனி போட்ட விவரம் எல்லாம் அழிஞ்சிரும். அவங்கதான் வந்து திரும்பப் போடணும். நான் வாரேன். இப்பவே வாரேன்.”

அவர் சொன்னதில் அது ஒன்று சரி. இலை போடும் முன்னரே காடியை எடுத்துக் கிளம்பியும்விட்டார். ஆனால் எவ்வளவு விரட்டினாலும் பத்தே முக்காலுக்கு முன்னால் செமோர் வந்து சேர முடியாது. தெருவில் மற்றவர்கள் எல்லாரும் வேலைக்குப் போயிருந்தார்கள், வீடுகள் பூட்டிக் கிடந்தன. என் வீட்டில்தான் லைனே இல்லை. டவுனுக்குக் கூட்டிப் போகட்டுமா என்றேன். அமைதியான அறை வேண்டும் என்று கடிதத்தில் இருந்தது. குமுதா அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டார். மாயாண்டி அண்ணன் லாரியில் இருந்து அடித்த அழைப்பை எடுக்கக்கூட அவருக்குக் கை வரவில்லை.

ஷர்மினி மோடத்தைத் திருப்பி, ஸ்டிக்கருக்குக் கீழே இருந்த துளைகளைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

“அம்மா, அந்த லிஸ்ட்டு வைஃபைக்குத்தான். வயர் போட்டா விட்டுரும். மோடம் வந்தப்ப பெட்டியில ஒரு மஞ்ச வயர் இருந்துச்சே, எங்க?”

அக்காவின் முகம் மாறியது. “சீனி அண்ணே மெத்த கட்டக் கயிறு கேட்டாரு. அதக் கொடுத்துட்டேன்.”

போய்க் கேட்க வேண்டியவன் நான்தானே? இரவு வேலை முடித்து அப்போதுதான் படுத்திருந்த சீனி அண்ணன், கைலியோடு வந்து கதவைப் பாதி திறந்தார்.

“கள்ளன் வீட்டுல உங்களுக்கு என்னா தம்பி வேல?”

ஷர்மினிக்கு நேர்காணல், வயர் வேண்டும், மணி பத்தாகப்போகிறது என்று உளறினேன். அவர் கதவைச் சாத்திக்கொண்டார். முடிந்தது என்று நினைத்தேன். இரண்டு நிமிடம் கழித்துக் கதவு திறந்தது. சட்டை மாட்டி, தலை வாரி, பல்லால் கடித்து அவிழ்த்த முடிச்சுகளின் வளைவோடு அந்த மஞ்சள் வயரைக் கையில் வைத்திருந்தார்.

வயரின் நீளம் ஒன்றரை மீட்டர். மேசையைச் செருப்பு அலமாரியோடு ஒட்டிப் போட்டோம். செருப்புகளை அள்ளிச் சமையலறையில் கொட்டினோம். செருகியதும் லைன் வந்தது. கையை எடுத்ததும் போனது. முனையில் இருந்த பிளாஸ்டிக் கொக்கி உடைந்திருந்தது, விரலால் அழுத்திப் பிடித்தால்தான் நிற்கும். பட்டியலைத் திருத்தலாம் என்றால் உட்பூட்டின் எண் தேவன் அண்ணனிடம்தான், காடி ஓட்டிக்கொண்டிருந்தவர் போனை எடுக்கவில்லை.

“நான் புடிச்சிக்கறேன். நீ பேசும்மா” என்றார் சீனி அண்ணன். மோடத்தைத் தரையில் இறக்கி வைத்து, காமிராவுக்குத் தெரியாமல் மேசைக்கு அடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கட்டைவிரலை அழுத்திக்கொண்டார். இரவு முழுக்க விழித்திருந்த கண் சிவந்திருந்தது. பத்தரைக்குத் திரையில் மூன்று முகங்கள் தோன்றின. ஷர்மினி மலாய் மொழியில் வணக்கம் சொன்னாள்.

பத்தே முக்காலுக்குத் தேவன் அண்ணனின் காடி வந்தது. நான் ஓடிப்போய் அவரைக் கேட்டிலேயே நிறுத்தி, வாயில் விரலை வைத்துக் காட்டினேன். அவர் வேர்த்திருந்தார். திறந்திருந்த கதவு வழியே அந்த மஞ்சள் வயர், அது போய்ச் சேரும் இடம், அங்கே உட்கார்ந்திருக்கும் ஆள், எல்லாவற்றையும் பார்த்தார்.

அப்போது அவருடைய சட்டைப் பை ‘டிங்’ என்றது. எடுத்துப் பார்த்தவர் முகத்தில் இத்தனைக்கு நடுவிலும் ஒரு பெருமிதம். “லைன் ஏறிருச்சு, பாரு” என்று கிசுகிசுத்தார்.

ஏறாமல் இருக்குமா? அது ஒன்றுதானே அனுமதிக்கப்பட்ட கைப்பேசி. காலையில் பசுமாடு புதுவீட்டுக்குள் நுழைந்ததில் தொடங்கி, பால் பொங்கியதுவரை அவர் எடுத்த நாற்பது நிமிடக் காணொளி, பீடோரில் இருந்து வழியெல்லாம் குடும்பக் குழுவுக்குப் போக வைஃபைக்காகக் காத்திருந்தது. இப்போது மொத்தமாகக் கிளம்பியது.

உள்ளே, நடு முகம் கேட்டது: “வகுப்பு நடக்கும்போது இணையம் போய்விட்டால் என்ன செய்வீர்கள்?”

ஷர்மினி பேச வாயைத் திறந்தாள். திரை உறைந்தது.

சீனி அண்ணன் தன் விரல்தான் நழுவிவிட்டது என்று நினைத்து இன்னும் அழுத்தினார், நகம் வெளுக்கும்வரை. ஷர்மினி திரையில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. இடது கை மட்டும் ஒரு தாளில் கிறுக்கி மேசைக்கு அடியில் நீட்டியது. சீனி அண்ணன் படித்தார். விரலை எடுக்காமல் கழுத்தை மட்டும் வாசல் பக்கம் திருப்பி, தணிந்த குரலில் சொன்னார்.

“தேவா. உன் போன ஓஃப் பண்ணு.”

ஊருக்கெல்லாம் ஓஃப் பண்ணச் சொன்னவருக்கு ஒரு கணம் புரியவில்லை. வாங்கிய நாளில் இருந்து அந்தக் கைப்பேசியை அவர் ஓஃப் பண்ணியதே இல்லையாம். எந்தப் பொத்தான் என்று தேடினார். நான் பிடுங்கி அழுத்தினேன்.

மூன்று முகங்களும் மறுபடி அசைந்தன. கேள்வியை இன்னொரு முறை கேட்டார்கள். ஷர்மினி கோட்டின் நுனியை இழுத்துவிட்டுக்கொண்டாள். “பலகை இருக்கும், நான் இருப்பேன். பிள்ளைகளுக்கு அது போதும்படி பாடத்தைத் தயார் செய்து வைத்திருப்பேன்” என்றாள். நடு முகம் எதையோ குறித்துக்கொண்டது.

பதினொன்றே காலுக்கு முடிந்தது. சீனி அண்ணன் விரலை எடுத்தார். நகத்துக்குக் கீழே செருகியின் தடம் சதுரமாகப் பதிந்திருந்தது. தேவன் அண்ணன் உள்ளே வந்தார், வயரைப் பார்த்தார், “எவன் இத…” என்று தொடங்கி, அங்கேயே நிறுத்திக்கொண்டார்.

ஷர்மினி அம்மாவின் கைப்பேசியை எடுத்து அவரிடம் நீட்டினாள். முதல்நாள் காலையிலேயே வந்து, திறக்கப்படாமல் கிடந்த குறுஞ்செய்தி. பராமரிப்பு வேலை காரணமாகத் திங்கட்கிழமை மாலை ஐந்து முதல் எட்டு வரை அந்த வட்டாரத்தில் இணையம் மெதுவாக இருக்கும், மன்னிக்கவும். அவ்வளவுதான். குமுதா அக்கா வீட்டு வைஃபைக்கு எந்த நோயும் இருந்ததில்லை.

தேவன் அண்ணன் அதை இரண்டு தடவை படித்தார். கோப்பி வேண்டாம் என்றார். தன் கைப்பேசியை உயிர்ப்பித்து, மோடத்தின் உட்பக்கத்தைத் திறந்து, பட்டியலில் இருந்த தன் எண்ணை அழித்தார். அதை அழித்த பிறகுதான், இனி எந்தக் கைப்பேசியும் உள்ளே நுழைய முடியாது, மற்றவற்றைச் சேர்க்கவே வழியில்லை என்பது அவர் நினைவுக்கு வந்தது. ஷர்மினி மஞ்சள் வயரைக் காட்டினாள். அவர் தரையில் உட்கார்ந்து, இந்தத் தடவை தன் விரலால் அதை அழுத்திக்கொண்டு, உட்பூட்டின் எண்ணை அவளிடம் சொன்னார்.

“எந்தப் போன மொதல்ல போடறது மாமா?”

“சீனி அண்ணே, உங்க போன கொடுங்க.”

“எனக்கு எதுக்கு? வேணாம் லா.”

“கொடுங்க அண்ணே.” தலையைத் தூக்காமல் சொன்னார். “நேத்து நான் பேசுனது தப்பு. வயர் புடிச்சிருக்கேன், எந்திரிச்சு வாங்க முடியாது. கொஞ்சம் கொண்டாந்து கொடுங்க.”

சீனி அண்ணன் சட்டைப் பையில் கைவிட்டார். “சாயங்காலம் மக கூப்பிடுவா” என்று சொல்லிக்கொண்டே ஷர்மினியிடம் கொடுத்தார்.

ஆகஸ்டு மாதம் அவளுக்கு இடம் கிடைத்தது. மாயாண்டி அண்ணன் தெரு முழுக்க இனிப்புக் கொடுத்தார். தேவன் அண்ணன் இப்போதும் வீடு வீடாக வைத்தியம் பார்க்கிறார். ஆனால் சுவரைத் தட்டும் முன்னால், “கம்பெனிலேருந்து எதாவது மெசேஜ் வந்துச்சா?” என்று ஒரு கேள்வி கேட்கிறார். அந்த இனத்தில் இவ்வளவு மாற்றமே அதிசயம்.

நீங்கள் சிரித்துக்கொண்டு வந்தீர்கள், எனக்குத் தெரியும். ஒன்று மட்டும் கேட்டுவிடுகிறேன். பட்டியலில் மடிக்கணினியையல்லவா முதலில் சேர்த்திருக்க வேண்டும் என்று, ஷர்மினி கேட்பதற்கு முன்பே உங்கள் மனம் சொன்னதா? லைனின் பெயரை மறைப்பதால் பெரிய பாதுகாப்பு ஒன்றும் வந்துவிடாது என்று நாக்கு ‘ச்சு’ கொட்டியதா? தன் எண்ணை அவர் அழித்த இடத்தில், “அத ஏன் அழிச்சாரு, கடைசியிலல்ல அழிக்கணும்” என்று வாய்விட்டே சொல்லிவிட்டீர்களா?

அப்படியானால் உங்கள் தாமானில் அந்த ஆள் யார் என்று அக்கம்பக்கத்தில் போய் விசாரிக்க வேண்டாம். மரியாதைக்குச் சிரிப்பை அடக்கிக்கொள்வது அவர்களுக்குத்தான் சிரமம்.